ஐந்து ஆண்டுகள் கழித்து

2019 ஏப்ரல் 27, நான்காவது சனிக்கிழமை. வங்கிகளுக்கு விடுமுறை. ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பின் களைப்பு முழுமையாகத் தீராத நாட்கள் அவை. வேறொரு சனிக்கிழமையாக இருந்திருந்தால் எட்டு மணி வரை உறங்கியிருப்போம். அன்றோ விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மும்பைப் புறநகர் ஒன்றின் பல்திரை அரங்க வாசலில், பதின்மூன்று வயது மகளுடன் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முந்தைய நாள்தான் வெளியாகியிருந்தது. நகரின் பல அரங்குகள் இரவு பகல் பாராமல் காட்சிகளை ஓட்டிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை மும்பையில் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. நமக்குத் தேர்தல் பணி ஆணை வந்திருந்ததால் ஞாயிறன்றே வாக்குச்சாவடிக்குப் போயாக வேண்டும். அந்தச் சனிக்கிழமையை விட்டால், படத்தின் முடிவை யாரேனும் சொல்லிக் கெடுத்துவிடுவார்கள் என்பது மகளின் அச்சம். நமக்கும் அதே அச்சம் இருந்தது; வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

சரியாக ஓராண்டுக்கு முன்பு, அதுவும் ஒரு நான்காவது சனிக்கிழமையில், இதன் முந்தைய படமான ‘இன்ஃபினிட்டி வார்’ பார்த்திருந்தோம். தானோஸ் என்னும் பேருருவன் ஆறு மணிக்கற்களைத் திரட்டி, விரலைச் சொடுக்கி, அண்டத்து உயிர்களில் சரிபாதியைத் தூசியாக்கிவிடுகிறான். நாயகர்கள் தோற்றார்கள் என்பதோடு படம் முடிந்துவிட்டது. விளக்குகள் எரிந்த பின்னும் அரங்கில் எவரும் பேசவில்லை. வீடு திரும்பும் ஆட்டோவில் மகள், “அப்பா, இவங்க எல்லாரும் திரும்பி வந்துடுவாங்கதானே?” என்று கேட்டாள். “பார்ப்போம்” என்றோம். “இது பேங்க்ல கடன் கேக்குறவங்ககிட்ட நீங்க சொல்ற பதில்” என்றாள் அவள்.

நாற்பதைக் கடந்த ஒரு வங்கி அலுவலர் இந்த முகமூடி நாயகர்களின் ரசிகரானது எப்படி என்று உடன் பணிபுரிவோர் கேட்பதுண்டு. சிறுவயதில் இந்தச் சித்திரக்கதைகளை நாம் படித்ததில்லை. நம்மை உள்ளே இழுத்தது ஒரு கடன். இதழின் வாசகர்களுக்கு அது சுவைக்கும் என்பதால் சொல்கிறோம். மார்வெல் நிறுவனம் 1996-இல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. பிழைத்திருப்பதற்காகத் தன் புகழ்பெற்ற கதைமாந்தர்களின் திரைப்பட உரிமையை ஒவ்வொன்றாக விற்றது. எக்ஸ்மென் ஒரு நிறுவனத்துக்கும் ஸ்பைடர்மேன் வேறொரு நிறுவனத்துக்கும் போயினர். 2005-இல், பிறரை நம்பாமல் தானே படமெடுப்பது என்று முடிவு செய்து, மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் வழியாக 52.5 கோடி டாலர் கடன் வசதியைப் பெற்றது. அதற்கு ஈடாக வைத்தது நிலமோ கட்டடமோ அன்று. கேப்டன் அமெரிக்கா, டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், ஆன்ட்மேன், பிளாக் பாந்தர் உள்ளிட்ட பத்துப் படைப்புகளின் திரைப்பட உரிமை! கடன் பிரிவில் பல ஆண்டுகள் அமர்ந்தவர் என்ற முறையில் இதைப் படித்தபோது நாம் திகைத்தோம். நம் கிளைக்கு ஒரு நகை வந்தால் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்துச் சொல்லிவிடுவார். எறும்பளவாகச் சுருங்கும் மனிதனை எந்தக் கல்லில் உரசுவது? நாமாக இருந்தால் அந்தக் கோப்பை, கூடுதல் விவரம் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்போம்.

2008-இல் ‘அயர்ன் மேன்’ வந்தது. 2009-இல் டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்குவதாக அறிவித்தது. ‘எண்ட்கேம்’ அந்த வரிசையில் 22-ஆவது படம். உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது. தொகைகளைப் பற்றி இவ்வளவு போதும்.

படத்துக்கு வருவோம். தொடக்கத்தில் ஒரு புல்வெளி. வில்லாளி கிளின்ட் தன் மகளுக்கு அம்பெய்யக் கற்பிக்கிறான். மனைவியும் மகன்களும் சற்றுத் தள்ளி உணவை எடுத்து வைக்கின்றனர். அவன் ஒரு கணம் முகத்தைத் திருப்புகிறான். மீண்டும் பார்க்கையில் ஒருவரும் இல்லை. இடியும் இசையும் இல்லாமல் நடந்துவிடும் இந்தக் காட்சியில் அரங்கு மூச்சடக்கியது. பிறகு எஞ்சியோர் தானோஸைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவன் மணிக்கற்களை அழித்துவிட்டதாகச் சொல்கிறான். தோர் அவன் தலையை வெட்டி வீழ்த்துகிறான். படம் தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வில்லன் இறந்துவிட்டான், ஆனால் எதுவும் சரியாகவில்லை. திரை இருள்கிறது. எழுத்துகள் தோன்றுகின்றன: ஐந்து ஆண்டுகள் கழித்து.

அந்த வரியைக் கண்டதும் அரங்கில் எழுந்த ஒலி இன்றும் காதில் இருக்கிறது. கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. முந்நூறு பேர் ஒன்றாக விட்ட பெருமூச்சு. இத்தகைய கதைகளில் நடந்ததை நடவாததாக ஆக்கிவிடுவதுதான் வழக்கம். 1978-இல் வந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் காதலி இறந்ததும் நாயகன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பிவிடுகிறான். அவள் சாகவே இல்லை என்றாகிவிடுகிறது. நாமும் அப்படியொரு மந்திரத்தை எதிர்பார்த்தே போயிருந்தோம். ‘எண்ட்கேம்’ அதைச் செய்ய மறுக்கிறது. அந்த ஐந்தாண்டுகள் நடந்தவை; நடந்தவையாகவே இருக்கும்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இதில் ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். கல்லூரியில் கணக்குப்பதிவியல் கற்பித்த ஆசிரியர், பேரேட்டில் தவறாக எழுதியதை பிளேடால் சுரண்டி அழித்த மாணவனை வகுப்பின் முன் நிறுத்தியது நமக்கு மறக்கவில்லை. தவறான பதிவை அழிக்கக் கூடாது. அது அங்கேயே நிற்க வேண்டும். அதன் கீழே இன்றைய தேதியிட்டுத் திருத்தப் பதிவு எழுத வேண்டும். இன்று கணினியில் இயங்கும் வங்கியிலும் இதே நெறிதான். உங்கள் கணக்கில் தவறுதலாக ஒரு தொகை பற்று வைக்கப்பட்டால், அதைத் திரும்ப வரவு வைக்கும்போது இரண்டு வரிகளுமே கணக்கறிக்கையில் நிற்கும். படத்தில் ஹல்க்காகவே வாழும் அறிவியலாளர் புரூஸ் பேனர் தோழர்களுக்கு விளக்குவதும் இதுதான். கடந்த காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் நம் நிகழ்காலம் மாறாது. ஆகவே செய்யக்கூடியது ஒன்றே: பழைய காலத்திலிருந்து மணிக்கற்களைக் கொண்டுவந்து, மறைந்தவர்களை இன்றைய தேதியில் வரவு வைப்பது.

அதிலும் அந்தக் கற்களை அபகரித்துக்கொண்டு வருவதில்லை. 2012-ஆம் ஆண்டு நியூயார்க்கில், காலக்கல்லைக் காக்கும் மூத்த மந்திரவாதினி அதைக் கொடுக்க மறுக்கிறாள். எடுத்த கணத்திலேயே திருப்பி வைப்போம் என்று பேனர் வாக்களித்த பிறகே தருகிறாள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கைமாற்று. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. படத்தின் முடிவில் கேப்டன் அமெரிக்கா ஒவ்வொரு கல்லையும் உரிய இடத்தில் சேர்த்துவிட்டே ஓய்கிறார். இதைப் பார்த்து நெகிழ்ந்த பார்வையாளர் அந்த அரங்கில் அநேகமாக நாம் ஒருவராகத்தான் இருப்போம்.

காலத்தை அழிக்கக் கூடாது என்று அடம்பிடிப்பவன் டோனி ஸ்டார்க். மற்றவர்கள் இழந்து தவித்த அந்த ஐந்தாண்டுகளில் அவனுக்கு மட்டும் ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது: ஏரிக்கரையில் ஒரு வீடு, மனைவி, மார்கன் என்னும் சிறுமகள். போனவர்களை மீட்க வேண்டும், ஆனால் தான் பெற்றதை இழக்கக் கூடாது என்பது அவன் விதிக்கும் நிபந்தனை. முதலில் இது தன்னலமாகத் தோன்றியது. அருகில் சோளப்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு உண்ண மறந்திருந்த மகளைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

மூன்று மணி நேரப் படத்தில் நாம் மிகவும் கவனித்தது அந்த ஐந்தாண்டு இடைவெளியைத்தான். தொழில் புத்தி விடுவதில்லை. ஆன்ட்மேனாகிய ஸ்காட் லாங் குவாண்டம் வெளியிலிருந்து திரும்புமிடம், சான்பிரான்சிஸ்கோவில் பொருள்களைப் போட்டு வைக்கும் ஒரு வாடகைக் கிடங்கு. அவனை விடுவிப்பது ஒரு எலி. ஐந்தாண்டு வாடகையை யார் கட்டினார்கள் என்று மகளிடம் மெல்லக் கேட்டோம், முழங்கையால் இடித்தாள். அவன் ஊருக்குள் ஓடுகிறான். மறைந்தோர் பெயர்கள் பொறித்த கற்பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் தன் மகளின் பெயர் இருந்துவிடக் கூடாதே என்று தேடுகிறான். அங்கே இருப்பது அவனுடைய பெயர்.

நம் நாட்டுச் சட்டப்படி பார்த்தால் அந்தப் பலகைகள் சற்று அவசரப்பட்டவை. ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாக அனுமானிக்க இடமுண்டு. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வகுத்த இந்தக் கணக்கைப் புதிய சட்டமும் தொடர்கிறது. எனவே தானோஸ் தூசியாக்கிய அனைவரும், நம் பார்வையில், இன்னும் இரண்டாண்டுகள் உயிருடன் இருந்தவர்களே. ஆனால் அவர்களின் சேமிப்புக் கணக்குகளில் பெரும்பாலானவை இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லாமையால் செயல்படாக் கணக்குகளாகியிருக்கும். பத்தாண்டுகள் ஆகாததால், ரிசர்வ் வங்கி பராமரிக்கும் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குத் தொகை போயிருக்காது. வீட்டுக் கடன்களோ தொண்ணூறு நாள் தவணை தவறியவுடனேயே வாராக்கடன் பட்டியலில் ஏறியிருக்கும். அண்டத்தில் பாதிப்பேர் ஒரே நொடியில் திரும்பி வந்த மறுநாள் காலை, வங்கிக் கிளைகளின் வாசலை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருந்தது.

இது வெறும் வேடிக்கை அன்று என்பதை மார்வெல் நிறுவனமே பின்னர் உணர்ந்திருக்கிறது. 2021-இல் வந்த ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ தொடரின் முதல் பகுதியில், உலகைக் காத்த சாம் வில்சன் தன் சகோதரியுடன் லூசியானாவில் ஒரு வங்கிக்குப் போகிறான். குடும்பப் படகையும் தொழிலையும் காப்பாற்ற அவர்களுக்குக் கடன் வேண்டும். கடன் அலுவலர் அவனை அடையாளம் கண்டு மகிழ்கிறார், சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள விரும்புகிறார், பிறகு கடனை மறுக்கிறார். ஐந்தாண்டுகளாக வருமானக் கணக்கே இல்லையாம். அந்தக் காட்சியில் நாம் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தோம். விதிப்படி அந்த அலுவலர் செய்தது பிழையன்று. ஆனால் அந்தச் சிரிப்பை அவர் தவிர்த்திருக்கலாம்.

காணாமற்போனோர் பற்றி இத்தனை அக்கறை நமக்கு வந்ததற்கு வேறு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கொங்கண் கரையோரக் கிளை ஒன்றில் பணியாற்றினோம். பெயரும் ஊரும் வேண்டாம். வங்கித் தொழிலின் முதல் பாடம் அது. ஒவ்வோராண்டும் நாரளி பௌர்ணமி நெருங்கும் வாரத்தில், மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் செலுத்தி மீண்டும் படகிறக்கும் பருவத்தில், ஓர் அம்மையார் வருவார். 2012-இல் கடலுக்குச் சென்ற அவர் கணவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. கணவரின் சேமிப்புக் கணக்கில் ஐம்பது ரூபாய் செலுத்திவிட்டு, கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டு வாங்கிக்கொண்டு போவார். அக்காலத்திய விதிப்படி பிறர் செலுத்தும் தொகையும் பரிவர்த்தனையாகவே கொள்ளப்பட்டதால் கணக்கு செயல்பாட்டிலேயே இருந்தது. ஈராண்டுக்கு ஒருமுறை செலுத்தினாலே போதும் என்று விளக்கினோம். அவர் ஆண்டுதோறும் வந்தார். ஏழாண்டு முடிந்தால் தொகையைப் பெறும் வழியையும் சொன்னோம். சிறு தொகையானால், காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, ஆளைக் கண்டறிய இயலவில்லை என்னும் காவல்துறை அறிக்கை, ஈட்டுறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு நீதிமன்றம் போகாமலே வங்கி தீர்த்துவைக்க இடமுண்டு. அவர் பொறுமையாகக் கேட்டார். “பணம் அங்கேயே இருக்கட்டும், சாகேப். கணக்கு நின்றுவிடக் கூடாது” என்றார்.

எண்ட்கேமில் பேனர் விரலைச் சொடுக்கிய பிறகு, அது பலித்ததா இல்லையா என்று எவருக்கும் தெரியாத சில நொடிகள் வருகின்றன. வானம் பிளக்கவில்லை, எவரும் தோன்றவில்லை. மேசை மேல் கிடந்த கிளின்ட்டின் கைப்பேசி அதிர்கிறது. திரையில் மனைவியின் பெயர். அவ்வளவுதான். பிற்பாடு ஒளிவளையங்கள் திறந்து மீண்ட நாயகர்கள் அனைவரும் படையாக வந்து நின்றபோது அரங்கம் அதிர்ந்தது. மகள் இருக்கை மேல் ஏறிவிட்டாள். நாமும் தொண்டை கட்டும் வரை கத்தினோம். ஆயினும் நம் கண் கலங்கியது அந்தக் கைப்பேசி அதிர்ந்த இடத்தில்தான். தேர்தல் பணி முடிந்து செவ்வாயன்று பழைய கிளையின் நண்பரை அழைத்து, அந்தக் கணக்கு உயிருடன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டோம். முந்தைய ஆகஸ்டில் ஐம்பது ரூபாய் வரவு விழுந்திருப்பதாகச் சொன்னார்.

குறைகளும் உண்டு, ரசிகர் என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை. தோல்வியின் குற்றவுணர்வில் குடியிலும் உணவிலும் மூழ்கிப் பருத்துப்போன தோரைப் படம் கேலிப்பொருளாக்கியது நமக்கு உவப்பாக இல்லை. மனம் உடைந்த ஒருவரின் வயிற்றைக் காட்டிச் சிரிக்க வைப்பது இத்தகைய படத்துக்குத் தகாது. ஆன்மக்கல்லுக்காக வோர்மிர் மலையிலிருந்து தன்னையே எறிந்துகொள்ளும் நடாஷாவுக்கு, ஏரிக்கரையில் தோழர்கள் சில நிமிடங்கள் நின்று அழுவதோடு சரி; டோனிக்கு நடந்தது போன்ற இறுதிச் சடங்கு இல்லை. மகள் இதற்காக ஒரு வாரம் கோபமாக இருந்தாள். கல்லைத் திருப்பித் தரச் சென்ற கேப்டன் பழைய காதலியுடன் வாழ்ந்து முதியவராய் வந்து அமர்வது பற்றி வீட்டில் இன்றும் வழக்கு முடியவில்லை. பதினொரு ஆண்டுகள் கடமை செய்தவருக்கு ஓய்வு உண்டு என்பது நம் கட்சி. பதவி உயர்வோடு ஊருக்கு மாற்றல் கேட்கும் அதிகாரிகளின் கட்சி அது என்கிறாள் மகள்.

மே மாத விடுப்பில் திருச்சி சென்றபோது எழுபது வயதான அம்மாவையும் அழைத்துக்கொண்டு தமிழில் மறுமுறை பார்த்தோம். ஏ.ஆர்.முருகதாஸ் எழுதிய தமிழ் உரையாடல். டோனிக்கு விஜய் சேதுபதியின் குரல், நடாஷாவுக்கு ஆண்ட்ரியா. விஜய் சேதுபதியின் குரல் பொருந்தவில்லை என்று ரசிகர்கள் பலர் குறைப்பட்டார்கள். ஆங்கிலத்தில் கேட்டுப் பழகிய நமக்கும் முதல் பத்து நிமிடம் உறுத்தியது. அம்மாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அவருக்கு டோனி அப்படித்தான் பேசுவான். முன்கதை எதுவும் தெரியாமல் அமர்ந்த அவர், யார் யாருக்கு என்ன உறவு என்பதை மட்டும் பேத்தியிடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

கடைசியில் டோனி ஆறு கற்களையும் தன் கையில் ஏற்று, எதிரிப்படையை அழித்து, அந்த வெப்பத்தில் கருகி உயிர் விடுகிறான். ஏரிக்கரை வீட்டில் அவன் முன்னரே பதிவு செய்து வைத்திருந்த உருவம் தோன்றி மனைவிக்கும் மகளுக்கும் விடை சொல்கிறது. அம்மா நெடுநேரம் பேசவில்லை. “போறதுக்கு முந்தின நாளே ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருக்கான்” என்றார். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “உங்க அப்பா அதைச் செய்யலியே, தம்பி” என்றார். அப்பா திடீரென மறைந்தபோது அவருடைய வைப்புகள் எதிலும் நாமினி பெயர் இல்லை. வங்கி அதிகாரியின் தாயார், மகன் இருந்தும், எட்டு மாதம் அலைந்தார். வாடிக்கையாளர்களிடம் நாள்தோறும் படிவத்தை நீட்டிய நாம் சொந்த வீட்டில் கேட்கவில்லை.

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் கூட்டம் எழுந்தது. மார்வெல் படங்களில் இறுதியில் ஒரு சிறு காட்சி ஒளிந்திருப்பது வழக்கம் என்பதால் சிலர் நின்றார்கள். இதில் அப்படிக் காட்சி இல்லை என்று மகளுக்குத் தெரியும். ஆனாலும் பாட்டியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். துப்புரவுப் பணியாளர்கள் முன்வரிசையைக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். எல்லாப் பெயர்களும் முடிந்து திரையில் சின்னம் மட்டும் எஞ்சியபோது, இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை ஒன்று கேட்டது. மீண்டும் மீண்டும், ஒரே சீராக.

“என்னடி, பட்டறைச் சத்தம் மாதிரி இருக்கு?”

“முதல் படத்துல, பாட்டி. அவரை ஒரு குகையில அடைச்சு வெச்சிருப்பாங்க. அங்க உக்காந்து தன்னோட முதல் கவசத்தை அடிச்சுச் செய்வாரு. அந்தச் சத்தம் இது.”

“அதை எனக்கு எப்பக் காட்டப் போறே?” என்றபடி அம்மா செருப்பைத் தேடினார்.